தலை திருப்பாதவர்

பந்துக்காரர் தலையைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் கட்டடத்தில் அதுதான் பேச்சு.

இதெல்லாம் ஒரு பேச்சா என்று வெளியாள் கேட்கலாம். கழுத்து இருக்கிறவன் திருப்பத்தான் செய்வான். ஆனால் பந்துக்காரர் திருப்பாதவர். அதற்காகவே பேர் வாங்கியவர். மீசை சரியாக முளைக்கும் முன்பே ஒரு கூடைப்பந்து கிளப் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. காதோரம் நரைக்கிற வரை அங்கேதான் ஆடினார். அந்தக் கூட்டத்தில் ஆட்கள் எல்லாம் விளக்குக் கம்பம் மாதிரி இருப்பார்களாம்; அவர்கள் நடுவே இவர் குள்ளன். எங்கள் கட்டடத்தில் வாசல் நிலையில் நெற்றி இடிக்கிற ஒரே ஆள் இவர்தான். வளையத்தில் பந்து போடுவது இவர் வேலையில்லை. போடுகிறவன் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. முகம் ஒரு பக்கம் இருக்கும், பந்து இன்னொரு பக்கம் போகும். எதிராளிகள் முகம் பார்த்த திசைக்கு ஓடி ஏமாந்து திரும்புவதற்குள் கூடையில் வலை ஆடிக்கொண்டிருக்கும். 'காதுக்குப் பின்னாலும் கண் உள்ளவன்' என்று பத்திரிகையில் போட்டார்களாம்.

முட்டி தேய்ந்ததும் கிளப் ஒரு மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டது. பயிற்சி கொடுக்கிற வேலை வரும் என்று கொஞ்ச காலம் காத்திருந்தார். அது வேறு யாருடைய மாப்பிள்ளைக்கோ போனது. அப்போதுதான் எங்கள் காகிதக் கிடங்கு முதலாளி கூப்பிட்டார். அவர் அந்த கிளப்புக்குப் பைத்தியம். "நாலு பக்கமும் கண்ணு இருக்குற ஆளு. ஃபோர்க்லிஃப்டுக்கு இவனவிட வேற எவன்யா வேணும்?" என்று சொல்லிச் சுமைதூக்கி வண்டியின் சாவியைக் கையில் கொடுத்தார். கண்ணுக்காகக் கிடைத்த வேலை.

எங்களுக்குக் கிடங்கில் சுமை வேலை. ஆள் உயரத்துக்கு இருக்கும் காகித உருளைகள். ஒன்று சாய்ந்தால் கீழே நிற்கிறவனை வழித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த உருளைகளை வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முள்ளில் தூக்கிக்கொண்டு, சந்து மாதிரியான இடைவெளிகளில், எங்கள் நடுவே அவர் வந்துபோவார். தலை அசையாது. சிலை ஓட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் இந்தப் பக்கம் ஒருவன் பீடியைப் பற்றவைத்தால், "அணைடா, காகிதம் இருக்கு" என்று எங்களைப் பார்க்காமலே சொல்வார்.

அப்படிப்பட்டவர் இப்போது எதற்கெடுத்தாலும் திரும்பினார். கழுத்து மட்டும் இல்லை, தோளோடு சேர்த்து முழுசாகத் திரும்பி, ஒருத்தரை நன்றாகப் பார்த்துவிட்டு, பிறகு நகர்ந்தார்.

முதலில் வாயைத் திறந்தவள் சலவைக்கடைக்காரி. அவள் கடை கட்டடத்தின் கீழே, வாசலுக்கு இடப்பக்கம். நான்கு இயந்திரங்கள் நாள் முழுக்க உருண்டுகொண்டிருக்கும். மழைக்காலமானதால் கடை நிரம்பி, துணி வாசல்வரை தொங்கும். அவள் மாடிப்படி ஏறி மூன்றாவது மாடியில் பந்துக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டாள். எங்கள் வீடு அதற்கு நேர் கீழே. கதவைத் திறந்து வைத்தால் போதும், காது கொடுக்க வேண்டியதில்லை; தானாக வந்து விழும்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வர்றப்ப கடைவாசல்ல நின்னு, இப்புடி மொத்தமாத் திரும்பி, என்னய ஏற இறங்கப் பாக்குறாரு. ஒரு நாள்னா சரி. தெனமும்."

பந்துக்காரர் மனைவி தையலக்கா, பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறவள். வீட்டுக்கும் துணி கொண்டுவந்து தைப்பாள். தையல் மெஷின் சத்தம் நின்றது.

"உன்னையா?"

"பின்ன, மெஷினையா?"

"ஏதாச்சும் பேசினாரா?"

"அதான்க்கா பயமா இருக்கு. பேசிட்டாக்கூட நல்ல வார்த்தையா நாலு குடுத்து அனுப்பிருவேன். பேச மாட்டேங்குறாரே. பாத்துட்டு, மூச்சு விட்டுட்டு, படியேறிப் போறாரு."

"மூச்சு வேற விடுறாரா?"

"பெருமூச்சுக்கா."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஊசி துணியை விட்டு வேறு எதையோ குத்துகிற வேகத்தில் ஓடியது.

தையலக்காவுக்கு இது புதுச் சந்தேகம் இல்லை. பழைய சந்தேகம் முளை விட்டது, அவ்வளவுதான். "ஊருக்கு வித்தை, எனக்கு வினை" என்பாள் அவர் ஆட்டத்தைப் பற்றி. ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் காரியத்தை முடிக்கப் பழகினவனை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? டிவியைப் பார்த்தபடியே அவள் தட்டில் இருக்கிற அவித்த முட்டையை எடுத்துவிடுவாராம். அதோடு, அவர் ஆடின காலத்தில் இடப்பக்க வரிசையில் ஒருத்தி மஞ்சள் குடையோடு தவறாமல் வந்து உட்காருவாளாம். கல்யாணமான புதிதில் யாரோ காதில் போட்ட சேதி. அந்த மஞ்சள் குடை இத்தனை வருஷமும் தையலக்கா மனசில் விரிந்தபடியேதான் இருந்தது.

இப்போது வேறு அடையாளங்களும் சேர்ந்தன. சாயங்காலம் அவர் வரும்போது கண் சிவந்திருந்தது. கைக்குட்டை ஈரமாக இருந்தது. இடப்பக்கம் வைத்த டீயைத் தட்டிக் கொட்டினார். ஒரு தடவை இல்லை, பல தடவை. "மனசு வீட்ல இருந்தாத்தான கண்ணு டம்ளர்ல இருக்கும்?" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

கிடங்கில் வெங்கலம் இன்னொரு சேதி கொண்டுவந்தான். வெங்கலம் எங்களோடு சுமை தூக்குகிறவன். அவன் குசுகுசுவென்று பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும், அதனால் அந்தப் பேர்.

"பந்துக்காரண்ணன் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு அடிக்கிறாருடா."

"என்னத்த?"

"சரக்குத்தான். இத்தனூண்டு பாட்டில். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அண்ணாந்து ஊத்திட்டு, அப்புடியே கண்ண மூடிட்டு நிக்கிறாரு. நான் முதுகுப் பக்கமிருந்து பாத்தேன்."

"சுண்டுவிரல் அளவுல என்னடா போதை ஏறும்?"

"அதான் சொல்றேன், அது என்னா சரக்கோ! வெளிநாட்டுச் சரக்கா இருக்கும். கிளப்புல பழகினது."

அதே வாரத்தில்தான் உருளை விஷயம் நடந்தது. வெங்கலம் இடப்பக்கம் குனிந்து கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தான். வண்டி வளைந்து வந்தது. முள்ளில் இருந்த உருளை அவன் தோளை உரசிக்கொண்டு போக, அவன் துள்ளிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டான். அவர் வண்டியை நிறுத்தினார். முழுசாகத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னண்ணே, கொல்லப் பாத்தீங்களே!" என்றான் வெங்கலம்.

எங்களுக்கு ஒரே சிரிப்பு. "அவருக்குத் தெரியாமயாடா வந்துச்சு? உன்னப் பயம் காட்டியிருக்காரு. மயிரிழை விட்டுத்தான் திருப்புவாரு. சரக்கு அடிக்கிறாருன்னு ஊர் பூராச் சொன்னேல்ல, அதுக்குத்தான்." வெங்கலமும் கடைசியில் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. அன்று சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமல் உருளைக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தார். மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தோம்.

கிளப்புக்கு ஆண்டுவிழா வந்தது. பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் கூட்டி ஒரு வேடிக்கை ஆட்டம் வைப்பதாக ஏற்பாடு. பந்துக்காரர் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். முட்டி வலி என்றார். முதலாளி விடுவாரா? "நம்ம குடோன் ஆளு ஆடாம எவன் ஆடுறது? எல்லாருக்கும் அன்னைக்கு லீவு. எல்லாரும் வரணும்" என்று சத்தமாக அறிவித்தார்.

அவர் விழாவுக்கு வரமாட்டேன் என்றது தையலக்காவுக்கு ஒரு பிடியாகக் கிடைத்தது. அன்று அவளுடைய தம்பியும் வந்திருந்தான். லாரி ஓட்டுகிறவன், பேச்சும் லாரி மாதிரிதான், வளையாது. அக்காவைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறான் என்று வாசலில் கிடந்த துணி மூட்டை சொன்னது. என் வீட்டுக்காரி சமாதானம் பண்ணுகிற சாக்கில் மேலே போனாள். நானும் பின்னாலேயே போய்ப் படியில் நின்றேன்.

"மாமா, நேராக் கேக்குறேன். யாரு அது?" என்றான் தம்பி.

"எது யாரு?"

"பாத்தியாக்கா? கேள்வியவே பாஸ் பண்ணிவிடுறாரு."

"நான் எங்கயும் போகல. யாரையும் பாக்கல."

"பாக்கலயா?" தையலக்கா மெஷினை விட்டு எழுந்தாள். "சலவைக்கடைக்காரி மேலேறி வந்து கேட்டுட்டுப் போறா. பால் பூத்துக்காரி சிரிக்கிறா. பஸ்ல ஒரு பொம்பளப் புள்ள சீட்டு மாறி உக்காந்தத நானே பாத்தேன். இத்தன வருஷம் பக்கத்துல ஒக்காந்திருக்கேன், ஒரு நாள் கழுத்தத் திருப்பி எம் மொகத்தப் பாத்திருப்பீங்களா? இப்ப ஊர்ல இருக்குறவளுக்கெல்லாம் திரும்புதே, அது எப்புடி?"

அவர் தோளோடு திரும்பி வாசல் மூட்டையைப் பார்த்தார்.

"சரி, அத விடுங்க. விழாவுக்கு ஏன் போகலங்குறீங்க? மஞ்சக் குடைக்காரி வந்துருவான்னா?"

"எந்தக் குடை?" என்றார். உண்மையாகவே தெரியாதவர் மாதிரி இருந்தது. ஆனால் அந்த வீட்டில் உண்மை மாதிரி இருப்பதுதான் முதல் சந்தேகம்.

"போறீங்க. நானும் வர்றேன். எங்க பாக்குறீங்க, யாரப் பாக்குறீங்கன்னு நான் பாக்குறேன். பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணிக்கிறேன், இந்த வீட்ல இருக்குறதா, தம்பியோட போறதான்னு." தம்பி பக்கம் திரும்பினாள். "நீ மூட்டைய எடுக்காத. அங்கயே கெடக்கட்டும்."

அவர் அவளை நேராகப் பார்த்தார். "என்னைய நம்பு" என்றார்.

"நம்பி நம்பித்தான் எதிராளி அஞ்சு பேரும் ஏமாந்தாங்க."

ஆட்டத்தன்றைக்கும் மழை. கிளப்பின் உள்ளரங்கம். மரத்தளம் புதிதாக மெருகு போட்டு மின்னியது. ஈரக்குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் மஞ்சளாக ஒன்று இருக்கிறதா என்று தையலக்கா குனிந்து பார்த்ததை நான் பார்த்தேன். அவளும் தம்பியும் மேல் வரிசையில் உட்கார, நாங்கள் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். முதலாளி முன் வரிசையில் கழுத்துத் துண்டை விசிறிக்கொண்டிருந்தார்.

பழைய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். தொப்பையும் வழுக்கையுமாக, பனியன் மட்டும் இளசாக. பந்துக்காரர் கடைசியில் வந்தார். கூட்டம் எழுந்து கத்தியது. அவர் நுழைந்த உடனே நின்று இடது பக்கம் முழுசாகத் திரும்பினார். பிறகு வலது பக்கம். பிறகு மறுபடி இடது.

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் தையலக்கா.

"அக்கா, அங்க பாரு" என்றான் தம்பி.

இடப்பக்கம், கோட்டுக்கு வெளியே, முதல் வரிசையில் ஒரு அம்மாள். தலை முழுக்க வெள்ளை. மடியில் குடை. சாயம் போயிருந்தாலும் மஞ்சள்தான். அந்த அம்மாள் எழுந்து, குழந்தை மாதிரி இரண்டு கையையும் ஆட்டினாள். பந்துக்காரர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவளைக் கடந்து போனார். ஒரு இமைகூட அசையவில்லை.

"என்னா நடிப்பு!" என்றாள் தையலக்கா. "நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சதும் கண்டுக்காத மாதிரி போறாரு பாரு. இந்த வயசுல ஒரு கெழவிக்கு..."

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரம் நேர் எதிரில் வந்த பந்துகளை வாங்கி நேர் எதிரில் கொடுத்தார். கூட்டத்துக்கு அது போதவில்லை. "பாக்காமக் குடு! பாக்காமக் குடு!" என்று கத்தினார்கள். வெங்கலத்தின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

அப்போது இடப்பக்கமிருந்து ஒருவர் அவருக்குப் பந்தை வீசினார். வேகமான வீச்சு. பந்துக்காரர் எதிரில் பார்த்தபடியே நின்றார். பந்து அவர் காது மடலை உரசிக்கொண்டு பின்னால் போனது. பின்னால் ஓடிவந்த அவர் அணிக்காரன் ஒருவன் கையில் அது விழ, அவன் அப்படியே கூடையில் போட்டான்.

அரங்கம் இடிந்துவிடும் போல இருந்தது. "விட்டான் பாரு! தொடாமலே குடுத்தான் பாரு! இதுதாண்டா கண்ணு!" முதலாளி துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். நாங்களும் எழுந்து விசில் அடித்தோம்.

தையலக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஊசிக் கண்ணில் நூல் கோக்கிறவள் முகம் போல அவள் முகம் சுருங்கியிருந்தது.

"தம்பி, கை."

"என்னக்கா?"

"அவரு கையப் பாத்தியா? பந்து போனப்புறம்தான் கை எழுந்துச்சு."

"வித்தைக்கா அது."

"வித்தையா இருந்தா கை ஏன் காதுக்குப் போச்சு? அடிபட்டவன் மாதிரி தடவுறாரு பாரு."

அதற்குப் பிறகு அவள் பந்தைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். அவர் திரும்பினார். மஞ்சள் குடைப் பக்கம் திரும்பினார், சரி. ஆனால் அதே மாதிரி தோளோடு திரும்பித் தூணைப் பார்த்தார். தண்ணீர்க் கேனைப் பார்த்தார். யாருமே இல்லாத வெற்று மூலையை அதே உன்னிப்போடு பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டார். சலவைக்கடைக்காரி சொன்ன அதே பெருமூச்சு.

"தூணையும் அப்புடித்தான்டா பாக்குறாரு" என்றாள். எழுந்து, எங்கள் கால்களை மிதித்துக்கொண்டு, படி இறங்கி, செருப்புக் காலோடு மின்னுகிற தளத்தில் நடந்து போனாள். நடுவர் ஊதலை ஊதினார். யாரோ சிரித்தார்கள். அவள் அவருடைய இடப்பக்கம் போய் நின்றாள். அவருக்குத் தெரியவில்லை. மனைவி முழங்கையருகே நிற்கிறாள், மனிதர் கூடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு அவள் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். அவர் திடுக்கிட்டார்.

கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். முட்டி வலி என்று கூட்டம் நினைத்துக் கை தட்டியது. உடை மாற்றும் அறைக்கு வெளியே நடையில் ஒரு பெஞ்சு. அவர் பையை எடுத்துக்கொண்டு நான் வந்தபோது இருவரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தன நாளா?" என்றாள்.

"என்ன?"

"மறுபடியும் பாஸ் பண்ணாதீங்க. கண்ணு."

அவர் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"போன வருஷத்துலேர்ந்து. எதுத்தாப்புல நல்லாத் தெரியுது. பக்கத்துலதான்... ரெண்டு பக்கமும் சுவரு வந்துருச்சு. இடதுல ரொம்ப."

"டாக்டரு?"

"பாத்தேன். போன பார்வை போனதுதானாம். இருக்குறதப் புடிச்சு வெச்சுக்கலாமாம். சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. வேலை முடிஞ்சதும் தொட்டிக்குப் பின்னால நின்னு போட்டுக்குவேன்."

"அண்ணாந்து?"

"அண்ணாந்துதான் போட முடியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, வெங்கலம் சொன்ன வெளிநாட்டுச் சரக்கு இதுதான்.

"சலவைக்கடை வாசல்ல?"

"அவ துணி வண்டி அங்கதான் நிக்கும். ரெண்டு தடவ தடுக்கி விழுந்தேன். வண்டி இருக்கா இல்லயான்னு பாத்துட்டு ஏறுவேன். அவ நின்னாளா?"

"நின்னாளாவா! உங்களால அவ பவுடர் போட ஆரம்பிச்சுட்டா." அவள் சிரித்தாள், உடனே அழுதாள். "எங்கிட்ட ஏன் சொல்லல? தம்பி மூட்டையத் தூக்க வந்துட்டான். அப்பக்கூடச் சொல்லலயே."

"கண்ணுக்காகத்தான் வேலை குடுத்தாரு. கண்ணு இல்லன்னா நான் யாரு? சுவர்க் கடிகாரம் வாங்கினவன்."

அவள் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அந்த வண்டியவா ஓட்டிட்டிருந்தீங்க? இவங்க எல்லாம் கீழ நிக்கிறப்ப?"

என் இருப்பு அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வெங்கலத்தைச் சுவரில் ஒட்டவைத்த அன்று பார்த்த அதே வெளிறின முகம். நான் பையைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலை தையலக்கா அவரோடு கிடங்குக்கு வந்தாள். அவருக்கு இடப்பக்கமாக நடந்து வந்தாள். சாவியை அவர்தான் முதலாளி மேசையில் வைத்தார்.

"என்னய்யா டிமிக்கி குடுக்குற? நேத்து ஆட்டத்தப் பாத்துட்டு எவனாச்சும் கூப்பிட்டானா?" என்றார் முதலாளி சந்தேகத்தோடு. பந்துக்காரர் கண் விஷயத்தைச் சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை. "காது மடல உரசவிட்டுப் பந்த விட்ட ஆளு, கண்ணு தெரியலங்குறியா? எங்கிட்டயே வித்தையா?"

"முதலாளி, அவரு இடப்பக்கம் வந்து நின்னு கையக் காட்டுங்க" என்றாள் தையலக்கா.

முதலாளி வந்து நின்றார். கையை உயர்த்தி ஆட்டினார். பந்துக்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "காட்டிட்டீங்களா?" என்று கேட்டார். முதலாளியின் கை தானாக இறங்கியது. தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து மடித்து வைத்தார்.

பந்துக்காரருக்கு இப்போது வாசல் வேலை. வருகிற லாரிக்கு நேர் எதிரில் நின்று கொடி காட்ட வேண்டும். நேர் எதிரில் இருப்பது அவருக்குத் தெரியும். வெங்கலம் வெகுநாள் அவரோடு பேசவில்லை. "செத்திருப்பேன்ல? தெரிஞ்சுக்கிட்டே ஓட்டினாருல்ல?" என்று அவனுக்கே உரிய குரலில் சொல்வான், அவர் காதில் விழத்தான் செய்யும். அவன் கேட்டதில் தப்பில்லை. இன்றைக்கும் வண்டிச் சத்தம் கேட்டால், யார் ஓட்டினாலும், நாங்கள் நிமிர்ந்து பார்க்கிறோம். ஒரு தடவை வந்த பயம் அது.

மழை விட்டு வெயில் வந்தது. தம்பி எடுக்காமல் விட்ட மூட்டையிலிருந்து துணி ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பியது. சாயங்காலம் தையலக்கா கிடங்கு வாசலுக்கு வந்துவிடுவாள். இருவரும் நடந்தே வருவார்கள். அவள் ஏதாவது சொல்லும்போதெல்லாம் அவர் நின்று, தோளோடு திரும்பி, அவள் முகத்தை முழுசாகப் பார்ப்பார். பிறகு நடப்பார்.

ஒரு நாள் சலவைக்கடைக்காரி துணி வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள். விவரமெல்லாம் தெரிந்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"என்ன இருந்தாலும் நடுத்தெருவுல, இந்த வயசுல, பொண்டாட்டிய இப்புடி முழுங்குற மாதிரியா பாக்குறது? கண்ணு தெரியலன்னு சொல்றதெல்லாம் நெசந்தானாக்கா?"

தையலக்கா அவர் கையை வண்டியில் இடிக்காமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாக்கட்டும்டி. தெரியிற வரைக்கும் பாத்துக்கட்டும்."